சிமிழில் இருந்த கண்

என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு குங்குமச் சிமிழ் பல வருடங்களாகக் கிடந்தது. சாதாரண எவர்சில்வர் சிமிழ். மாட்டுங்காவில் எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். உள்ளே குங்குமம் இல்லை. பஞ்சின் மேல் ஒரு கண் குப்புறக் கிடந்தது. கருமணி கீழே பார்த்தபடி இருக்க வேண்டும், அப்படித்தான் வைக்க வேண்டும் என்று அதைச் செய்து கொடுத்தவர் சொல்லியிருந்தார். நிமிர்த்தி வைத்தால் மூடியைத் திறக்கிறவர்களை அது பார்க்குமாம். நான் ஒரே ஒரு தடவை நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

அது எனக்காகச் செய்த கண். ஆனால் வாங்கிய அன்று என் கண்ணைப் போல அது இல்லவே இல்லை. வெள்ளை விழி பழைய வேட்டி மாதிரி மங்கியிருந்தது. கருமணியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். மூக்குப் பக்க ஓரத்தில் சதை வளர்ந்தது போல ஒரு மஞ்சள் மேடு. கிழவியின் கண். அப்போது எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வந்த கோபத்துக்கு அதைச் சுவரில் அடித்திருப்பேன். கொடுத்தவரின் கை நடுங்கிக்கொண்டிருந்ததால் அடிக்கவில்லை.

என் சொந்தக் கண் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் பரிதாபப்பட வேண்டாம். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊசி உடைந்து இடது கண்ணில் தெறித்தது. பட்டறை முதலாளி சேட், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தார், அதோடு சரி. கண்ணை எடுத்துவிட்டு, ஆறிய பிறகு ஒரு ரெடிமேட் கண்ணைப் பொருத்தினார்கள். வளையல் மாதிரி டிரேயில் அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே பழுப்பு. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அண்ணன் பிள்ளை என்னைப் பார்த்து அலறினான். அண்ணி அன்றிலிருந்து என் காதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்திதான், செம்பூரில் ஓர் அம்மா இருக்கிறார், கண்ணைக் கையால் வரைகிறார், போய்ப் பார் என்றாள்.

அவரை நாங்கள் எல்லாரும் டாக்டரம்மா என்றோம். "நான் டாக்டர் இல்லை, பெயிண்டராக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். யாரும் கேட்டதில்லை. தரைத்தள வீடு. வடக்கு ஜன்னல் ஓரம் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சமையலறையில் இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே இட்லி இல்லை, கண் வெந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பல் செட்டு செய்கிற பிளாஸ்டிக்கில்தான் கண்ணும் செய்கிறார்கள், அது கொதிநீரில் இறுக வேண்டும். அஞ்சறைப்பெட்டியில் கடுகு சீரகம் இருக்க வேண்டிய கிண்ணங்களில் பழுப்புச் சாயம் விதவிதமாக இருந்தது. நம் ஆட்களின் கண்ணைக் கறுப்பு என்று எழுதுகிற கவிஞர்களை உட்கார வைத்து அந்தப் பெட்டியைக் காட்ட வேண்டும்.

என்னை எதிரே உட்கார வைத்து, "எதையாவது பேசிண்டே இரு" என்றார்.

"என்னத்தப் பேச?"

"யார் மேல கோபமோ அவாளைப் பத்திப் பேசு."

சேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பிறகு அண்ணியைப் பற்றி. பிறகு பொதுவாக. வெயில் ஜன்னலை விட்டு நகரும் வரை பேசினேன். அவர் என் நல்ல கண்ணையே பார்த்துக்கொண்டு வரைந்தார். போட்டோ வைத்து வரைய மாட்டார், விளக்கு வெளிச்சத்தில் வரைய மாட்டார். சிவப்புப் பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து, இழை இழையாக வெள்ளை விழியில் நரம்பு ஒட்டினார். நடுவில் தூரிகையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கோபம் வந்தா உன் கண்ணு ஓரத்துல நரம்பு கிளம்பறது. சும்மா இருந்தா அடங்கிப் போறது. எந்தக் கண்ணை வரையட்டும்?"

"கோவத்தையே வரைங்க. அதுதான எப்பவும் இருக்கு."

"அதுவும் சரிதான்" என்று அவர் சிரித்தார்.

கண்ணைப் பொருத்திய பிறகு கண்ணாடி தர மாட்டார். அதுதான் அவருடைய வழக்கம். கையில் ஒரு பையைக் கொடுத்து, "மார்க்கெட்டுல போய்க் கொத்தமல்லி வாங்கிண்டு வா" என்பார். காய்க்காரன் கண்ணையே பார்த்தால் வேலை தோற்றது, திரும்பவும் வரைய வேண்டும். காய்க்காரன் பேரம் பேசினால் ஜெயித்தது. அன்று காய்க்காரன் என்னிடம் வாடிய கட்டைத் தள்ளப் பார்த்தான். நான் அவனைத் திட்டினேன். அவனும் திருப்பித் திட்டினான். என் முகத்தைப் பார்த்துத் திட்டினான். ரோட்டில் நின்று அழுதேன். நான் அழுகிறவள் இல்லை.

இப்போது அவரைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், கலையும் அறிவியலும் கைகோத்த வாழ்க்கை என்கிறார்கள். அந்த வாழ்க்கை எப்படிப் போனது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். மாட்டுங்காவில் ரயில்வே குமாஸ்தாவின் மகள், பாலக்காட்டுக் குடும்பம். ஓவியக் கல்லூரியில் முகம் வரைவதில் முதல் பரிசு வாங்கியவர். பெரிய ஆளாக வருவார் என்றார்கள். தெரிந்தவர் ஒருவரோடு கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவர் அந்த ஒரே பழுப்பு டிரேயைப் பார்த்திருக்கிறார். "முகத்துல பொத்தான் தைக்கறா மாதிரி இருந்தது" என்று என்னிடம் சொன்னார். பல் செட்டு செய்கிறவரிடம் போய்ப் பிளாஸ்டிக் வேலை கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் உடற்கூறு படித்தார். உறவுக்காரர்கள், பொம்மைக்குக் கண் வைக்கிறாள் என்று கேலி செய்தார்கள். கண்காட்சிக்குக் கூப்பிட்டவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கல்யாண், அம்பர்நாத், தேவ்நார் என்று எங்கெங்கிருந்தோ கண் இல்லாதவர்கள் வந்து அவர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். விருதெல்லாம் முடி நரைத்த பிறகு வந்தது. வெளிநாட்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். போகவில்லை. "அங்கே எல்லாம் நீலக் கண்ணு. எனக்கு நீலம் வராது" என்றார்.

வருடா வருடம் பாலிஷ் போடப் போவேன். சில வருடங்களுக்கு ஒரு முறை புதுக் கண். அப்படிப் போன ஒரு நாள்தான் அந்தச் சிமிழை என் கையில் வைத்தார். திறந்து பார்த்தேன்.

"என்ன இது? யாருக்கோ செஞ்சத எனக்குத் தாறீங்க."

"உனக்குத்தான். இப்போ போடாதே, உள்ளே போகாது. வெச்சுக்கோ. இது போறும் உனக்கு."

போட்டுப் பார்த்தேன். போகவில்லைதான், பெரிதாக இருந்தது. வெளியே வந்தேன். பெஞ்சில் தேவ்நார் தம்பி உட்கார்ந்திருந்தான். வெல்டிங் பட்டறையில் கண்ணைப் பறிகொடுத்தவன், எங்கள் ஊர்ப் பக்கம், என்னை அக்கா என்பான். சிமிழைத் திறந்து காட்டினேன்.

"யக்கா, ஒனக்கும் குடுத்துட்டாங்களா? எல்லாத்துக்கும் குடுக்காங்க. எனக்கு மட்டும் இல்ல."

"இத வச்சிக்க. கெழவி கண்ணு. ஒன் மூஞ்சிக்குப் பொருந்தும்."

"போ யக்கா. நானும் கேட்டேன், எனக்கு எப்பம்மா செய்வியன்னு. ஒனக்கு இருக்கிறதே போறும்னுட்டாங்க. தப்பிச்சேன்லா" என்று சிரித்தான்.

அந்த வருடம் அவர் ஒவ்வொருவருக்கும் கிழக்கண் வரைந்துகொண்டிருந்தார். கல்யாணிலிருந்து வந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவளுக்கும் அதையே கொடுத்தார். அவளுடைய அப்பா அதை வாசலிலேயே வீசிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் புகார் போனது. மூளை தேய்கிற வியாதி என்று டாக்டர்கள் சொன்னார்கள். பாங்கில் வேலை பார்த்த அவருடைய மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூரிகைகளையும் அஞ்சறைப்பெட்டியையும் எடுத்து ஒளித்து வைத்தாள். வியாதி இருந்தது உண்மை. வழி மறந்தார், பெயர் மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். ஆனால் அன்று நான் பார்த்தது ஒன்று உண்டு. பெயிண்டைப் பிடுங்கிய பிறகு அவர் மகளிடம் ஒன்றும் சண்டை போடவில்லை. "எல்லாம் முடிச்சாச்சு, எடுத்துண்டு போ" என்றார்.

தேவ்நார் தம்பி ஐம்பதைத் தொடவில்லை. கடைசிவரை அதே கண்ணைத்தான் போட்டிருந்தான். அவன் குடிப்பான். மஞ்சள் காமாலை. கண் வரைகிறவர் ஒரு வார்த்தை சொன்னதால் யாரும் சாவதில்லை. ஒருவேளை அவனுடைய வெள்ளை விழியில் ஓடிய மஞ்சளை மற்றவர்களுக்கு முன்னால் அவர் பார்த்திருக்கலாம். கண்ணையே பார்த்துக்கொண்டு ஒரு ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தவர், பார்க்க மாட்டாரா? இப்படி எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும், அப்படியானால் என் கண்ணில் எதைப் பார்த்தார் என்ற கேள்வி வந்து நிற்கும். பீரோவைச் சாத்திவிடுவேன்.

அவர் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். நான் மாதம் ஒரு தடவையாவது போவேன். என்னைத் தெரியாது. பெயர் சொன்னாலும் தெரியாது. ஆனால் முகத்தைக் குனிந்து காட்டினால் முதலில் என் உயிருள்ள கண்ணைப் பார்ப்பார், பிறகு தான் செய்ததைப் பார்ப்பார், மறுபடி உயிருள்ளதைப் பார்ப்பார். "இன்னும் ஆகலை" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. அம்மாவுக்கு அடுப்பில் கண் வெந்துகொண்டிருக்கிற நினைப்பு என்று மகள் சொன்னாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். போன வருடம், மழை ஆரம்பித்த சமயம், கடைசியாகப் போனேன். குனிந்தேன். அவர் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். "ஆச்சு" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சில நாளில் போய்விட்டார். ஆச்சு என்று அவர் தன் உயிரைத்தான் சொன்னார் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இந்த மாதம் மகள் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் அம்மாவின் நினைவாக ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். பரிசு வாங்கிய ஓவியங்கள், நல்ல கண்கள், பிறகு கடைசிக் காலக் கண்கள். வீசாமல் வைத்திருப்பவர்களிடமிருந்து அவற்றை வாங்குகிறார்களாம். "கீழே ஒரு அட்டை வைப்பா, 'நோய் பாதித்த காலத்தவை'ன்னு. நாளைக்கு வந்து வாங்கிக்கட்டுமா, அக்கா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தைச் சரியாக்கியவரை, கண்ணாடிப் பெட்டிக்குள் பைத்தியமாக வைக்கப் போகிறார்கள். வரட்டும், நாலு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று மறுநாள் காலை சிமிழை எடுத்தேன். எடுத்தவள், கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அன்று நுழையாத கண், தண்ணீரில் நனைத்துத் தொட்டதும் தானாக வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

கண்ணாடியைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமான காய்க்காரன், என்னை எப்போதும் தீதீ, அக்கா, என்று கூப்பிடுகிறவன். ஒரு கட்டுக் கொத்தமல்லியை நீட்டினான். "லோ ஆஜி, ஏக்தம் தாஜா" என்றான். இந்தா பாட்டி, புத்தம் புதுசு என்று. கண்ணை உற்றுப் பார்க்கவில்லை. ஒன்றும் வித்தியாசமாக அவனுக்குப் படவில்லை, நான் பாட்டியாகிவிட்டேன் என்பதைத் தவிர.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். மங்கிய வெள்ளை, சாம்பல் வளையம், மூக்குப் பக்கம் மஞ்சள் மேடு. இரண்டு கண்ணிலும். என் உயிருள்ள கண்ணில் அந்த மேடு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாகக் கண்ணாடியில் நான் பார்த்தது அவர் முன்னால் செய்த இளங்கண்ணைத்தான் போலிருக்கிறது.

மகள் வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். கண்காட்சி, பேச்சாளர்கள், மாட்டுங்காவில் ஹால் கிடைக்காதது என்று என் முகத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாள். டீ முடிந்ததும், "எங்கே அக்கா அது?" என்றாள்.

"இங்கதான் இருக்கு. இவ்வளவு நேரம் அதப் பாத்துத்தான் பேசிட்டிருக்க."

அவள் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தாள். எழுந்து என் அருகில் வந்தாள். சின்ன வயதில் அவள் அம்மா வேலை செய்வதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவள், அவளுக்கே எது எது என்று கண்டுபிடிக்க நேரம் பிடித்தது.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "கை நின்னு போகும்னு தெரிஞ்சு எல்லாருக்கும் முன்னாடியே பண்ணி வெச்சிருக்கா. நான் பெயிண்டைப் பிடுங்கிட்டேன்."

"அந்த அட்டையக் கிழிச்சுப் போடு. மொதல்ல அதச் செய்."

"கிழிச்சுடறேன்." அழுதுகொண்டிருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இதைக் கொடுக்கும்போது அம்மா ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். 'இது போறும் உனக்கு' என்றதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அட்டை வைக்கவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவர் பைத்தியம் இல்லை, கடைசி வரை சரியாகத்தான் பார்த்தார் என்று மேடையில் சொன்னார்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சிமிழ் இப்போதும் பீரோவில் இருக்கிறது. என் கோபத்தை வரைந்த பழைய கண்ணை அதில் குப்புற வைத்திருக்கிறேன். தினமும் வெயில் வந்ததும் ஜன்னல் ஓரம் நின்று கைக்கண்ணாடியில் இரண்டு கண்களையும் பார்க்கிறேன். உயிருள்ளது நிற்காமல் கிழடாக வேண்டும், பிளாஸ்டிக் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. வளையம் ஒரு நூல் தடித்தால் போதும், மேடு கொஞ்சம் வளர்ந்தால் போதும். கொத்தமல்லிக்காரன் ஒரு நாள் என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டான் என்றால், அன்றைக்கு அவனுக்கு நான் லட்டு வாங்கிக் கொடுப்பேன்.

இன்று காலையும் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.