சொட்டுற வாய்க்கு ஒரு டம்மி

கீசர் மெக்கானிக் வேலைன்னா பாதி நாள் சுண்ணாம்பு சுரண்டுறது, மீதி நாள் பேச்சு வாங்குறது. சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போற பக்கம் புதுசு புதுசா முளைச்ச நகர்கள்தான் என் ஏரியா. எல்லா வீட்டுக்கும் போர்த் தண்ணி. வாயில வச்சா உப்பு, பக்கெட்டுல பிடிச்சு வச்சா வெள்ளைக் கோடு. சோப்பு நுரைக்காம, துவைச்ச சட்டை அப்பளமா விறைச்சு, ஷவர்ல நாலு ஓட்டையில மட்டும் தண்ணி வந்து குளிக்கிற மகராசர்களே, மகராசிகளே, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்க. எங்கேயோ ஒரு வீட்டுல அரைகுறையா செஞ்சுட்டு வந்த வேலை என்னைக்கு யார் தலையில விடியுமோன்னு ராத்திரி பூராப் புரண்டு படுப்போமே, அந்தக் கஷ்டம்.

வேகாத பருப்பு

ஒரு வீட்டுல தண்ணி ஃபில்டர் பார்க்கப் போனேன். கல்யாணமாகி மூணு மாசமான மருமகப் பொண்ணு குக்கரைத் திறந்து வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்குது. எட்டு விசில் விட்டும் பருப்பு கல்லு கல்லாக் கெடக்கு. "இவ கைராசி அப்படி"ன்னு மாமியார் என்கிட்டயே புகார் சொல்றாக. எனக்கு மனசு கேக்கல. குழாய்த் தண்ணியில எவ்வளவு உப்புன்னு மீட்டர்ல அளந்து காட்டிட்டு, விலைக்கு வாங்கி வச்சிருந்த நல்ல தண்ணியில வேற பருப்பு போடச் சொன்னேன். நாலு விசில்ல குழைஞ்சுருச்சு. அந்தப் பொண்ணு மூக்கை உறிஞ்சிக்கிட்டே சிரிச்சுச்சு. மாமியார் கரண்டியால ரெண்டு தடவை மசிச்சுப் பார்த்தாக. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாக: "நீ வந்த வேலை ஃபில்டர்தானே தம்பி, அதைப் பாரு."

கெட்டிக்காரன்

அதே தெருவுல முத்துச்செல்வி அக்கா வீடு. அவுக வீட்டுக்காரர் விஸ்வநத்தத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியில போர்மேன். அவுக வீட்டுக் கீசர்ல சேஃப்டி வால்வு ஒழுகுது. உள்ள சூடு கூடி அழுத்தம் ஏறுனா வெளியேத்துறதுக்குன்னே இருக்குற வால்வு அது. உப்பு அடைச்சு மூட முடியாம ராப்பகலாச் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. சொட்டுன டைல்ஸ் பூரா வெள்ளை பூத்துருச்சு. புது வால்வு வர ரெண்டு நாள் ஆகும்னேன். "அதுவரைக்கும் நான் துடைச்சுக்கிட்டே சாகவா?"ன்னு அக்கா சடைச்சுக்கிட்டாக.

தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அந்த வால்வு வாயை அடைச்சு ஒரு டம்மி மூடியை வச்சு முறுக்கினேன். சொட்டு நின்னுச்சு. "ரெண்டே நாள்தான்க்கா. கீசரு தானா அணையும்னு நம்பாம, போட்ட பத்து நிமிசத்துல அணைச்சுருங்க"ன்னேன். அக்கா காதுல வாங்குன மாதிரியே தெரியல. காஞ்சு கெடந்த தரையைப் பார்த்துப் பூரிச்சுப் போயி நின்னாக: "நீதான் தம்பி கெட்டிக்காரன். இதுக்கு முன்னாடி வந்தவனுக்கு இந்த யோசனை வரல பாரு."

பைக் பெட்டி

மூணாம் நாளே வால்வு வந்துருச்சு. பைக் பெட்டிக்குள்ள போட்டேன். அன்னைக்கு வேற ஒரு வீட்டுல அவசரம். மறுநாள் மச்சான் வீட்டுக் காதுகுத்து. இப்படியே மூணு வாரம் ஓடிருச்சு. அதுக்காக மறந்துட்டேன்னு நினைக்காதீங்க. சோத்துல கை வச்சா டம்மி ஞாபகம், சாமி கும்பிட்டா டம்மி ஞாபகம். அந்தத் தெரு வழியாப் போறப்ப அக்கா வீட்டு வாசலைப் பார்ப்பேன். கோலம் போட்டிருந்தா, சரி, இன்னைக்கும் ஒண்ணும் ஆகலன்னு மூச்சு விட்டுட்டு வண்டியை முறுக்குவேன். எறங்கி மாட்ட அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம்தான் எனக்கு வாய்க்கல. ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சிகிட்ட இதைச் சொல்லிப் புலம்புனேன். அவர் பேப்பர்லருந்து தலையைத் தூக்கல: "பயந்த நேரத்துக்கு பத்து வால்வு மாட்டிருக்கலாமேடா."

சத்தம்

ஒரு வெள்ளிக்கிழமை காலையில பக்கத்துத் தெருவுல ஷவரைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். டமார்னு ஒரு சத்தம். எங்க பக்கம் சத்தம் கேட்டா யாரும் பக்கத்து வீட்டைப் பார்க்க மாட்டாக. புகை எந்தத் திசையில எந்திரிக்குதுன்னு வானத்தைத்தான் பார்ப்பாக. கை தானாப் போனை எடுக்கும். அன்னைக்கும் தெருவே விஸ்வநத்தம் பக்கம் பார்த்து நின்னுச்சு. நான் மட்டும் அக்கா வீட்டைப் பார்த்து ஓடுனேன். உள்ள அக்கா இருக்கக் கூடாது சாமி, இருக்கக் கூடாது. வேற எதுவுமே மனசுல ஓடல.

பாத்ரூம் கதவு பேந்து கெடந்துச்சு. சீலிங்ல ஓட்டை. கீசர் வயிறு கிழிஞ்சு மூலையில கெடந்துச்சு. கணுக்கால் அளவுக்குச் சுடுதண்ணி. மெயினை அணைச்சுட்டு வீடு பூராத் தேடுனேன். அக்கா இல்ல. வெளிய ஓடியாந்தா, தெருமுனையில நல்ல தண்ணி வண்டி பக்கத்துல நிக்கிறாக. கீசரைப் போட்டுட்டுக் குடத்தைத் தூக்கிட்டுப் போயிருக்காக. காதுல போன், வீட்டுக்காரர் கம்பெனிக்கு. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோக விட மாட்டாக. ஆபீஸ்ல எடுக்கவும் ஆளில்ல. அக்கா திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருக்காக.

"கம்பெனி இல்லக்கா. நம்ம வீட்டுக் கீசரு. நான் வச்ச டம்மி. தப்பு என்னுது"ன்னு சொல்லிட்டு, அடிச்சா வாங்கிக்கிறதுன்னு நின்னேன். அக்கா அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாக. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாக: "நெசமா கீசருதானே? நல்லா இருப்ப தம்பி, நீ நல்லா இருப்ப."

போர்மேன்

திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வாழ்த்தைத் தாங்க முடியல. சாயங்காலம் வரைக்கும் அங்கனயே இருந்து ஒடைஞ்ச டைல்ஸை அள்ளுனேன். அக்கா வீட்டுக்காரர் வேலை விட்டு வந்தார். ஒண்ணு விடாமச் சொன்னேன், வால்வு மூணு வாரமா பைக் பெட்டியில இருந்தது உள்பட. அவர் சத்தம் போடல. வெடிமருந்து அறையில சூடு, உராய்வுன்னு நாள் பூராக் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு நிக்கிற மனுசன். ஒடைஞ்ச குழாய்லருந்து அந்த டம்மியைக் கழட்டி என் உள்ளங்கையில வச்சார். "நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்ட வேலையாலதான் தம்பி, எங்க கம்பெனியில நாலு பேரு மாலை போட்ட போட்டோவுல இருக்காக."

இப்பல்லாம் வால்வு மாத்துற வரைக்கும் சொட்டத்தான் செய்யும்னு சொல்லிட்டு வந்துர்றேன், நாலு தெரு சனமும் சேர்ந்து என்னைத் திட்டுது, எனக்கு நல்லாத் தூக்கம் வருது.