கரையிலேயே மூழ்கிய படகு

சென்ற வாரம் கராச்சர்மாவில் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கசிந்தது. பைப் வேலைக்கு வந்தவர் இரண்டு நிறப் பசையை உருட்டிப் பிசைந்ததும் அந்த வாடை அடித்தது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். “என்ன சார், அலர்ஜியா?” என்றார். அவமானத்துக்கு அப்படியும் ஒரு பெயர் இருந்தால், ஆமாம்.

தாத்தா காலத்தில் எங்களுக்கு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை, அப்புறம் இந்தத் தீவுகளின் தெற்கே ஒன்றில் ரப்பர் தோட்டத்தில். கப்பலில் வந்ததைத் தவிர கடலோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. சுனாமி தோட்டத்தைக் கொண்டுபோன பிறகு அக்காவும் மச்சானும் ரங்கத் பக்கம் கடலோரத்தில் ஒதுங்கினார்கள். நிவாரணமாக யாரோ மச்சானுக்கு ஒரு ஃபைபர் படகு கொடுத்தார்கள். ரப்பர் பால் வெட்டத் தெரிந்தவருக்குப் படகு! நாங்கள் தாதா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் மீன்பிடிக்கக் கற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. சுனாமி வந்த காலையில் மரத்தின் மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். கடைசியில், “தம்பி பாத்து சரின்னு சொன்னா போகட்டும்” என்றாள்.

தம்பி என்பது நான். ஃபீனிக்ஸ் பே பக்கம் ஒரு ஜீப் பட்டறையில் ஆறு மாதமாக ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உறவுக்குள் நான் இன்ஜினியர். நானும் மறுக்கவில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டுப் படகைச் சுற்றி வந்தேன். பின்பக்கம், அடியில், ஓர் ஓட்டை. அதில் பித்தளையில் ஒரு திருகு பிளக். நீங்களே சொல்லுங்கள், படகுக்கு யாராவது ஓட்டை போடுவார்களா? செய்தவன் தப்பை நான் திருத்தினேன். பிளக்கை இறுக்கித் திருகி, அதே இரண்டு நிறப் பசையைப் பிசைந்து மேலே அப்பினேன். “இனி ஒரு சொட்டு உள்ள வராதுக்கா” என்றேன்.

மூன்று நாள் விடாமல் மழை. விளிம்புவரை நிரம்பிப் படகு கரையிலேயே மூழ்கியது. தாதா வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். “அரே பாய், பானி நிகல்னே கா ராஸ்தா ஹீ பந்த் கர் தியா?” தண்ணீர் போகிற வழியையே அடைத்துவிட்டேனாம். தேங்கும் தண்ணீர் வெளியேறத்தான் அந்த வழி, கடலில் இறக்குமுன் பிளக்கை மாட்டி, கரையேற்றியதும் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மேலே நின்றதைப் பக்கெட்டால் இறைத்தோம். தரைத்தட்டுக்கு அடியில் இருந்ததை இறைக்க வழியில்லை. ஆறு பேர் தள்ளியும் படகு அசையவில்லை. ஸ்பேனர் போட்டேன், வழுக்கியது. குறடு போட்டேன், பிளக்கின் கொண்டை மழுங்கியது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், என் கைதான் நாறியது. அக்கா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் தோல்வியை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தவர்கள் வேறு யாருமில்லை.

சாயங்காலம் மச்சான் உளியும் சுத்தியலுமாக வந்தார். “ஒடஞ்சா ஒடையட்டும். வேற பொழப்பு ஏது நமக்கு?” எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அக்கா எழுந்து உள்ளே போனாள். கொதிக்கிற தண்ணீரும் பழந்துணியுமாகத் திரும்பி வந்தாள். துணியை முக்கிப் பசைமேல் போட்டாள். ஆறியதும் மறுபடி போட்டாள். நாலைந்து தடவைக்குப் பிறகு பசை இளகியது. கத்தி முனையால் வழித்தாள்.

“இப்ப திருப்பு.”

குறடு போட்டுத் திருப்பினேன். மூன்று நாள் மழையும் பீறிட்டு என் முகத்தில் அடித்தது.

“இது தெரியுமாக்கா ஒனக்கு?”

“காலையிலருந்தே தெரியும்” என்றாள்.

பிளக்கை முந்தானையில் முடிந்துகொண்டு மச்சானிடம் திரும்பினாள். “இது எங்கிட்டதான் இருக்கும். போற அன்னைக்குக் கேட்டு வாங்கிட்டுப் போங்க.”

ஏழெட்டு வருடம் அப்படித்தான் நடந்தது. காலையில் மச்சான் அடுப்படி வாசலில் வந்து நின்று கேட்பார். அவள் வெளியே போய்க் கடலைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். சில நாள் கொடுப்பாள். சில நாள் “இன்னைக்கு வேணாம்” என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே விறகு பிளக்கப் போவார்.

பிறகு முதுகுவலி வந்து படகை விற்றார். இப்போது டிரங்க் ரோட்டில் லாரி ஓட்டுகிறார். எப்போது கிளம்புகிறார், எப்போது வருவார் என்பது அக்காவுக்கே தெரிவதில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மச்சான் அவளைக் கேட்டுவிட்டு வாசல் தாண்டியது அந்த ஏழெட்டு வருடம் மட்டும்தான்.