பெட்டிக்கு வைத்த ஜன்னல்

"பொட்டிக்கு ஜன்னலா? யாரு பாக்கப்போறா, உங்கம்மாவா?"

கோடம்பாக்கம் எடிட்டிங் ஸ்டுடியோவில் என்னோடு வேலை பார்க்கும் சதீஷ் கேட்டது இது. வீட்டில் இருக்கும் என் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டை வெட்டி, கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் ஷீட் பதிக்கப்போகிறேன் என்று சொன்னதற்கு.

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு... இல்லையென்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ரோஷத்தோடு வேலையில் இறங்கினேன். அம்மா ஜாக்கெட் தைப்பவர். அவருடைய சாக்பீஸில்தான் தகட்டின் மேல் கோடு போட்டேன். வாடகைக்கு வாங்கிய கட்டிங் மெஷினில் வெட்டினேன். கூரான விளிம்பை மறைக்க ஆட்டோ கண்ணாடிக்குப் போடும் ரப்பர் பீடிங். உள்ளே ஒரு நீல விளக்குப் பட்டை. வீடியோ காலில் என் தோளுக்குப் பின்னால் ஜொலிக்கும்படி பெட்டியைத் திருப்பி வைத்தேன். யார் பார்க்க? ஊர் பார்க்கத்தான்!

போன வியாழக்கிழமை ஒரு குறும்படத்தின் கடைசி வேலை. டைட்டிலில் எடிட்டர் என்று என் பெயர் மட்டும் வரப்போகும் முதல் படம். மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். எல்லாமே அந்தப் பழைய கம்ப்யூட்டரில். படத்தை முழு ஃபைலாக மாற்றும் வேலையை மந்தைவெளி வீட்டில் ஓடவிட்டு, ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் போன். அம்மா.

"பாப்பா, உன் பொட்டில காத்தாடி நின்னுபோச்சு."

"எந்தக் காத்தாடி?"

"நடுவுல கீதே, அது. டக்கு டக்குனு சத்தம் வந்துச்சு, போய்ப் பாத்தேன். ஒரு ஒயரு தொங்கி அதுல மாட்டிக்கினு கீது."

பதறிவிட்டேன். "எதையும் தொடாதம்மா! உனக்கு ஒண்ணும் தெரியாது!"

"ஸ்விட்ச அப்பவே நிறுத்திட்டேன்."

"ஐயோ! உள்ள வேலை ஓடிக்கினு இருந்துச்சேம்மா!"

"நூலு சிக்கிக்கினா மெஷின நிறுத்தாம இழுப்பியா நீ?"

அந்தக் காத்தாடிதான் கம்ப்யூட்டரின் மூளையைக் குளிர வைப்பது. அது நின்ற பிறகும் ஓடியிருந்தால்... பெட்டியும் போயிருக்கும், படமும் போயிருக்கும்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சதீஷ் கேட்டான். "இன்னா ஆச்சு? யாரு பாத்தது?"

"எங்கம்மா."

அவன் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனை ஜெயித்த சந்தோஷம் வரவேண்டிய நேரம் — வரவில்லை. "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்தியது அவன் இல்லையே? அவன் ஒருமுறை கேலியாகச் சொன்னதை, நான் எத்தனை வருஷமாக அம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். தொங்கியது நான் ஒட்டிய விளக்கின் ஒயர். ஜொலிக்க வைக்கிற அவசரத்தில் அதைக் கட்ட மறந்திருக்கிறேன். ஒயரை எடுத்துவிட்டதும் காத்தாடி சுற்றியது. ஃபைல் வேலையை முதலிலிருந்து ஓடவிட்டு, காலையில் படத்தைக் கொடுத்துவிட்டேன்.

எழுத்து தெரிந்தவர்களுக்குத் திரை இருக்கிறது. கோளாறு என்றால் அதில் எழுதிக் காட்டும். அம்மாவுக்கு இத்தனை நாள் அது ஒரு மூடிய தகரப் பெட்டி. ஒரு பக்கம் திறந்து காட்டியதும், அவர் பார்த்துவிட்டார். தெரியாமல் இருந்தாரா, நாம் மூடி வைத்திருந்தோமா?

"அம்மா, உனக்கு அந்த ஜன்னல் பிடிச்சிருக்கா?" என்று முதல்முறையாகக் கேட்டேன்.

"நல்லாத்தான் கீது. அந்த நீல லைட்டுதான்... தைக்கும்போது பச்சை நூலு எது, கருப்பு நூலு எதுன்னே தெரில."

ஞாயிற்றுக்கிழமை நீல விளக்கைக் கழற்றி வெள்ளை விளக்கு போட்டேன், ஒயரை இறுக்கிக் கட்டி. ஜன்னல் இப்போது தையல் மெஷினைப் பார்த்தபடி இருக்கிறது.

வீடியோ காலில் என் பின்னால் வெறும் தகரம்தான்!