வியாழக்கிழமைக்குள் ஒரு கணினி

கணினிக் கடைக்குள் நுழைந்ததும் விலையைப் பற்றித்தான் முதலில் பேச்சு வரும் என்று எண்ணியிருந்தேன். கடையை நடத்தும் அந்தப் பெண்மணி கேட்டது வேறு.

"எப்ப வேணும் அண்ணாச்சி?"

"கணினி எப்ப வந்தாலும் சரி. வியாழக்கிழம படம் முடிஞ்சு கையில இருக்கணும்."

"இன்னைக்கு சனிக்கிழம. இந்த வாக்க யாரு குடுத்தது?"

"நாந்தான்."

அவர் திருகாணி முடுக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். நான் விவரத்தைச் சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே, அவர் கடைக்கு நான்கு தெரு தள்ளி ஒரு குடும்பம். அவ்வீட்டு மகளின் திருமணத்தைப் படமெடுக்கும் பணி எனக்கு வாய்த்திருந்தது. திருமணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் மணமகளின் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாளைத் தள்ளிவைக்க அவர் ஒப்பவே இல்லை. தேவாலயத்தில் மகள் கழுத்தில் தாலி ஏறிய நேரம், தாய் அறுவைச் சிகிச்சை முடிந்த மயக்கத்தில் கிடந்தார். இப்போது வீடு திரும்பிவிட்டார். மகளும் மருமகனும் வெள்ளிக்கிழமை விடியலில் மஸ்கட்டுக்குப் புறப்படுகிறார்கள். மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்தத் திருமணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் தாயின் விருப்பம். மணமகளின் தந்தை இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் நாளைக் குறிப்பிடும் முன்பே "வியாழக்கிழம நானே கொண்டாந்து போட்டுக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மறுநாள் என் பழைய கணினி உயிரை விட்டது.

என்னைப் பற்றியும் இங்கே சிறிது சொல்லிவிடுகிறேன். இராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் நிறுவனம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் துணி சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். விடுமுறை நாள்களில் திருமணங்களுக்குப் புகைப்படம் எடுப்பேன். ஓய்வுக்குப் பின் அதுவே தொழிலாயிற்று. படத்தொகுப்பை எவரிடமும் பாடமாகக் கேட்டதில்லை. திரையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களை அவற்றின் வடிவத்தைக் கொண்டே அடையாளம் வைத்து, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று அழுத்தி அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவ்வாறு தெரிந்துகொண்டவனுக்குத் தன் அறிவின்மேல் ஒரு செருக்கு இருக்கும். எனக்கும் இருந்தது.

ஆதலால் அன்று வெறுங்கையோடு போகவில்லை. இணையத்தில் இரண்டு இரவும் பகலும் தேடி, வேண்டிய பாகங்களை ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கிப் படித்தார். இடையிடையே அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதைக் கவனித்தேன்.

"கிராஃபிக்ஸ் கார்டு இம்புட்டுப் பெருசா? ராத்திரி பகலா கேம் விளையாடப் போறியளோ?"

"எடிட்டிங்குக்கு அதுதான் முக்கியம்னு போட்டிருந்துச்சே."

"போடுவான். இந்தக் கேபினட்டு எதுக்கு? நாலு பக்கமும் கண்ணாடி, உள்ள கலர் லைட்டு. கல்யாணத்த நீங்க படம் எடுக்கணுமா, உங்க கம்ப்யூட்டருக்கே கல்யாணம் வைக்கணுமா?"

எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "கோவிச்சுக்கிடாதிய. கேமராவுல எடுத்த ஃபைல காட்டுங்க. அதப் பாக்காம நான் ஒரு ஸ்குரூ கூட விக்க மாட்டேன்."

நான் கொண்டுபோகவில்லை. அப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேருந்தைப் பிடித்து இராஜபாளையம் வந்து, கேமரா அட்டையை எடுத்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் மீண்டும் போய்ச் சேர்ந்தேன். அவர் தம் கடையில் இருந்த இரண்டு கணினிகளில் என் கோப்பை ஓட்டிக் காட்டினார். ஒன்றில், என் பட்டியலில் இருந்தது போன்ற பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. அதில் மணமகள் ஆலயப் படியில் ஒரு கால் வைத்து நின்றாள். மறுகால் வர இரண்டு நொடி ஆயிற்று. மற்றொன்றில் அந்தக் கார்டே இல்லை. ஆனால் மணமகள் தடையின்றி ஏறிவந்து, முந்தானையைச் சரிசெய்து, திரும்பிச் சிரித்தாள்.

"பாத்தியளா? உங்க கேமரா படத்த ரொம்பச் சுருக்கிக் கட்டி வைக்குது. அத அவுக்கிற பகுதி இந்தப் பிராசசருக்குள்ளயே இருக்கு. அந்தக் கார்டுக்கு உங்க ஃபைல அவுக்கத் தெரியல. அம்புட்டுதான் சங்கதி."

இரண்டு நாள் தேடியும் எனக்குக் கிட்டாத விடை, இரண்டு நிமிடத்தில் கண்முன்னே நடந்துகாட்டியது. அதன் பின் தாளில் ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினோம். கார்டைச் சிறிதாக்கி, மிச்சமான பணத்தை ரேமுக்கு மாற்றினோம். சேமிப்புக்கு இரண்டு எஸ்.எஸ்.டி.: மென்பொருளுக்கு ஒன்று, வேலை நடக்கும் படத்துக்கு ஒன்று. பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் கூடாது என்றார். கண்ணாடிப் பெட்டி போய், முகப்பு முழுவதும் சல்லடையாக இருந்த கறுப்புப் பெட்டி வந்தது. பிராசசரில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் சொன்னதற்கு ஒருபடி மேலே உள்ளதுதான் வேண்டும் என்று நின்றேன். காரணம் கேட்டார். காரணம் ஒன்றும் இல்லை. என் பட்டியலிலிருந்து ஏதேனும் ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்பதே உண்மை.

"சரி, உங்க இஷ்டம். ஆனா இது சூடு கூடுதலா வரும். காத்து நல்லா ஓடணும். வீடு எங்க?"

தெருவைச் சொன்னேன்.

"அந்தத் தெருவா? ரெண்டு பக்கமும் பேண்டேஜ் தறில்லா ஓடுது! பஞ்சு பறக்குமே. பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். பஞ்சைப் பற்றி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்றும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாகங்கள் மதுரையிலிருந்து திங்கட்கிழமை பேருந்துப் பார்சலில் வந்தன. அன்று மாலையே அவர் கோத்துக் கொடுக்க, செவ்வாய் காலையில் வீட்டு மேசையில் ஏற்றினேன். எங்கள் தெருவில் எந்தப் பொருளின்மேலும் ஒரு நாளில் வெண்பூச்சுப் படியும். பழைய கணினியைத் திறந்தபோது உள்ளே தலையணை தைக்கப் போதுமான பஞ்சு இருந்தது. புதியதற்கு அந்தக் கதி நேரலாகாது. என்னிடம் கட்டுத்துணி இருந்தது. எட்டு மடிப்பாக மடித்து, புண்ணின்மேல் வைப்பதுபோலவே தைத்து, பெட்டியின் முகப்புக்கும் மேல்பகுதிக்கும் பின்புறத்துக்குமாக உறை ஒன்று செய்யத் தீர்மானித்தேன். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தது என் மனைவி.

"நம்ம மகளுக்குக் கூட இம்புட்டு அளவெடுத்து நான் சட்ட தச்சதில்ல," என்றாள்.

"காத்து போகணும், தூசி போகக் கூடாது. அதுக்கு இதவிட நல்ல துணி உலகத்துலயே கிடையாது."

இருபத்தெட்டு ஆண்டு அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் நான். மனிதனின் புண்ணே அதன் வழியே மூச்சுவிடுகிறது. ஓர் இயந்திரம் விடாதா? இவ்வளவு உறுதியாக நான் வாழ்க்கையில் சில செய்திகளையே நம்பியிருக்கிறேன்.

செவ்வாயும் புதன் முற்பகலும் என் தொழில்வாழ்வின் இனிய நாள்கள். தொட்டால் ஓடிற்று, நிறுத்தினால் நின்றது. பாடகர் குழு, மோதிரம், தாலி, பந்தியில் பரிமாறியவர்கள், சாப்பாட்டுக் கூடத்தில் தூங்கிவிட்ட ஒரு பெரியவர் என்று நாற்பத்தைந்து நிமிடப் படம் தொகுத்து முடித்தேன். புதன்கிழமை பதினொரு மணிக்கு, படத்தை ஒரே முழுக்கோப்பாக மாற்றியெடுக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மனைவியிடம் காபி கேட்டேன்.

காபி வருமுன் கணினி அணைந்தது.

மின்தடை என்று நினைத்தேன். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. மறுபடி இயக்கினேன். மூன்றில் ஒரு பங்கு ஓடியதும் உள்ளிருந்து ஓர் ஊளை கிளம்பி, மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறை அதற்கும் முன்னதாகவே.

அப்பொழுது என் மனம் போன போக்கை மறைக்காமல் எழுதுகிறேன். பிராசசர் எரிந்துவிட்டது என்று முடிவுசெய்தேன். அதை எரித்தது என் செருக்கு என்றும் முடிவுசெய்தேன். அந்தப் பெண்மணி சூடு என்று சொன்னார். நான் படி ஒன்று கூடுதலாகக் கேட்டேன். நாளை மாலை ஒரு தாய் சாய்வு நாற்காலியில் காத்திருப்பார். நான் வெறுங்கையோடு வாசலில் நிற்பேன். மறுநாள் விடியலில் மகள் போய்விடுவாள். படத்தைப் பிறகு அனுப்பலாம். ஆனால் பக்கத்தில் உட்காரும் மகளை எந்தப் பார்சலில் அனுப்புவது?

கடைக்குத் தொலைபேசியில் அழைக்க எனக்கு நாணமாக இருந்தது. ஒரு மணி நேரம் கணினியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"போன் போட்டுக் கேட்டா என்ன, தலையில இருக்க கிரீடம் கழண்டு விழுந்துருமா?"

"அவிய வேண்டாம்னு சொன்னத நான் வாங்கியிருக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக் கேக்க?"

"போன்ல மூஞ்சி தெரியாது. போடுங்க."

அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பதற்றப்படவில்லை.

"அணையுறதுக்கு முன்ன சத்தம் வருதா?"

"தோட்டத்து மோட்டார் மாதிரி வருது."

"அப்ப சூடுதான். பின்னாடி கை வச்சுப் பாருங்க, அனலடிக்குதா?"

"பின்னாடி ஒண்ணும் வரலையே. காத்தே இல்ல."

"காத்தே இல்லையா? அண்ணாச்சி, வீடியோ கால்ல வாங்க."

ஆக, என் முகம் தெரியத்தான் செய்தது. கைப்பேசியைக் கணினிப் பக்கம் திருப்பினேன். மறுமுனையில் எழுந்த சிரிப்பில் கைப்பேசியே அதிர்ந்தது.

"அண்ணாச்சி, பெட்டிக்கு எங்க அடிபட்டுச்சு? தலையிலிருந்து கால் வர கட்டுப் போட்டு வச்சிருக்கிய!"

"பஞ்சு போகாம இருக்க…"

"பஞ்சும் போகல, காத்தும் போகல. எத்தன மடிப்பு?"

"எட்டு."

"எட்டா! அதுல ரெண்டு நாளு பஞ்சு வேற அப்பியிருக்கும். இப்ப அது துணி இல்ல, மெத்த. அவுத்து எறிங்க."

உறையைக் கழற்றினேன். வெளிப்புறத்தில் விரல் தடிமனுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. துணி வடிகட்டியிருக்கிறது; தன் கடமையில் அது தவறவில்லை. புண்ணுக்கு வேண்டிய காற்று வேறு, அந்தப் பெட்டிக்கு வேண்டிய காற்று வேறு என்பதை அறியாதவன் நான்தான்.

"செத்த நேரம் ஆறட்டும். பொறவு போடுங்க."

"பிராசசர் எரிஞ்சிருக்குமோ?"

"எரியாம இருக்கத்தான அதுவே அணைஞ்சுக்கிட்டு வந்துச்சு? உங்களவிட அதுக்குப் புத்தி உண்டு. அந்த முகப்புச் சல்லடையே போதும். வாரத்துக்கு ஒருக்கா கழத்தித் தட்டுங்க."

அரை மணி நேரம் ஆறவிட்டு மீண்டும் கட்டளை கொடுத்தேன். நானும் மனைவியும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் நகரும் நீலக்கோட்டைப் பரீட்சை முடிவு பார்க்க வந்தவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றில் ஒரு பங்கைக் கடந்தது. பாதியைக் கடந்தது. பின்புறத்தில் கை வைத்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. கோடு முழுமை அடைந்து, முடிந்ததென்று ஒரு மணியோசை கேட்டபோது என் மனைவி, "பெறந்துருச்சு," என்றாள்.

வியாழக்கிழமை மாலை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டேன். தாயார் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். மகள் பக்கத்தில் ஒரு முக்காலியில். அந்த அம்மையார் அழுவார் என்று அனைவரும் எதிர்பார்த்து, தந்தை கைக்குட்டையோடு தயாராக நின்றார். அவர் அழவில்லை. பல ஆண்டுகள் ஆலயப் பாடகர் குழுவில் பாடியவராம். முதல் பாடல் ஒலித்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"ஏட்டி, கேட்டியா? நான் இல்லைன்னதும் ரெண்டாம் சரணத்த பஸ்ஸ பிடிக்கப் போறவளுவ மாதிரி ஓட்டிருக்காளுவ!"

"அம்மா, படத்தப் பாரும்மா."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். உங்கப்பாவுக்கு இந்த வேட்டிய யாரு கட்டிவிட்டது? ஒரு பக்கம் கரண்டைக்காலுக்கு மேல நிக்குது. அண்ணாச்சி, செத்த நிறுத்துங்க. அத இன்னொருக்கா காட்டுங்க."

காட்டினேன். மகள் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். தந்தை கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். தாலி கட்டும் இடம் வந்தபோது அந்த அம்மையார் மகளின் கையைப் பிடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து நிமிடப் படத்தை முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும், "மொதல்ல இருந்து போடுங்க," என்றார். எப்படிப் போடுவது என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு விடைபெற்றேன்.

பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு வாரமாக இறுகியிருந்த தோள்கள் தாமாகவே இறங்கின. பேருந்து நிலையத்தைத் தாண்டியது நினைவிருக்கிறது. அதன் பின் யாரோ என் தோளைத் தட்டினார்கள்.

"பெருசு, நீரு ராஜபாளையத்துக்குல்லா டிக்கெட் எடுத்தீரு? அது எப்பவோ தாண்டியாச்சு. இது சேத்தூரு."

மற்றொரு நாளாக இருந்தால் நடத்துநரிடம் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் பேருந்துக்காக ஒரு தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மனைவியை அழைத்து, சேத்தூரில் இருக்கிறேன் என்று சொன்னேன்.

"அங்க யாரு கல்யாணம்?" என்று கேட்டாள்.

ஒருவருக்கும் இல்லை என்றேன். அதைச் சொல்வதில் அவ்வளவு நிம்மதி இருந்தது.