கேட்காமல் எடுத்த படம்

உயர்தர வகுப்பில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்தவர்கள் எங்கள் பாடசாலையில் ஏழு பெண்கள்தான். ஏழு பேருக்கென்று ஒரு வகுப்பறை ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. உடைந்த கதிரைகளும் மேசைகளும் அடுக்கி வைத்திருந்த ஓர் அறையைத் துடைத்துத் தந்தார்கள். அதன் யன்னலைத் திறந்தால் துறைமுகத்தில் ஒரு துண்டு தெரியும். கப்பல் வந்து நின்றால் பாதிக் கப்பல் தெரியும்.

ரீச்சர் அந்த வருடம்தான் மாற்றலாகி வந்திருந்தார். இரண்டாவது வாரமே ஒரு ஏற்பாடு செய்தார்.

"பாடத்திட்டத்தில இருக்கிறதை நான் படிப்பிக்கிறன். உங்களுக்கு எது பிடிக்கும் எண்டு நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ. வியாழக்கிழமை கடைசிப் பாடம் உங்கட. ஒரு கிழமைக்கு ஒராள்."

முதலில் வந்தவள் புல்மோட்டைக்காரி. சாச்சி வீட்டில் தங்கிப் படித்தாள். இரண்டு ஜாம் போத்தல்களில் மண் கொண்டு வந்தாள், ஒன்றில் அவர்களுடைய ஊரின் கறுப்பு மண், மற்றதில் வெள்ளை மண். மட்டையில் பசை தடவி விரல்களால் மண்ணைத் தூவி ஒரு கொக்கை வரைந்துவிட்டாள். வெயிலில் சரித்துப் பிடித்தால் அதன் சிறகு மினுங்கியது. அடுத்த கிழமை தோப்பூர்க்காரி மருதாணி போட்டுக் காட்டினாள். ரீச்சரின் உள்ளங்கை முழுக்கப் போட்டுவிட்டதால் அவர் அன்றைக்கு ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடியே பஸ் ஏறினார். நாங்கள் யன்னலால் பார்த்துச் சிரித்தோம்.

என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் தன் முறை வரும்போதெல்லாம், "அடுத்த கிழமை ரீச்சர்" என்று சொல்லிக் கொண்டிருந்தாள். அவள் குடும்பம் வெருகல் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா கடலுக்குப் போகிறவர் என்று தெரியும். "எங்க இருக்கிறியள்?" என்று ஒருமுறை கேட்டபோது, "கடற்கரைப் பக்கம்" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. என் அப்பா கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு அவள் இரண்டு தடவை வந்திருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சாப்பாட்டைப் பங்கிட்டுச் சாப்பிடுவோம். அவளுடைய மீன் பொரியலுக்காக நான் காத்திருப்பேன்.

எனக்கு மட்டும் ஒரு இரகசியம் சொல்லியிருந்தாள்.

"நான் முகம் வரையிறனான். எங்கட ஆக்களின்ர முகம். ஒரு கொப்பி நிறைய இருக்கு. ஒரு நாளைக்கு உனக்குக் காட்டுறன்."

என் முறைக்கு நான் புகைப்படம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா தான் பாவித்த கமராவை எனக்குத் தந்துவிட்டுப் போயிருந்தார். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும் நீண்ட லென்ஸும் இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் எனக்கு நடையே மாறிவிடும். இன்டர்நெட்டில் பார்த்த படங்கள்தான் எனக்குப் பாடம். சுருக்கம் விழுந்த முகங்கள், வெறுங்கால்கள், ஒட்டிய வயிறுகள், எல்லாம் கறுப்பு வெள்ளையில். கலை என்றால் அதுதான் என்று நான் நம்பினேன். எங்கள் நகரத்து வீதிகளில் மாடுகளைப் போலத் திரியும் மான்களையும் அம்மாவின் செவ்வரத்தம் பூக்களையும் எடுத்து எடுத்து அலுத்திருந்தது. எனக்கு ஒரு துயரம் தேவைப்பட்டது. இப்படி எழுதும்போது கூசுகிறது. ஆனால் உண்மையில் அப்படித்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை முற்பகல் சைக்கிளில் கடற்கரைக்குப் போனேன். பாய்களில் நெத்தலி காய்ந்து கொண்டிருந்தது. கரையில் ஏற்றி வைத்த ஒரு வள்ளத்தின் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தலை கலைந்திருந்தது. சட்டையில் செதில் ஒட்டியிருந்தது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் இன்னொரு வள்ளத்துக்குப் பின்னால் மறைந்து நின்று மூன்று படங்கள் எடுத்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவர் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

வியாழக்கிழமை கணினி அறையிலிருந்து புரொஜெக்டர் எடுத்து வந்தோம். சுவர் நிறைய அந்த முகம் விழுந்தபோது வகுப்பு அமைதியானது. அந்த அமைதி எனக்குப் போதையாக இருந்தது. இரண்டாவது படத்தைக் காட்டியதும் நான் எழுதி வைத்திருந்ததைத் தாண்டிப் பேசத் தொடங்கினேன். இந்தத் தாய் ஒரு விதவை என்றேன். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை என்றேன். காலையிலிருந்து ஒரு வாய் சோறு உண்ணாமல் பிள்ளைகளுக்காக வெயிலில் காய்கிறார் என்றேன். அந்த மூடிய கண்களுக்குள் கண்ணீர் காய்ந்து கிடக்கிறது என்றேன். ஒன்றுமே எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணோடு ஒரு சொல் பேசியிருக்கவில்லை. ஆனால் வார்த்தைகள் வந்து கொண்டே இருந்தன. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

என் பக்கத்தில் இருந்தவள் குனிந்து தன் பேனை மூடியைத் திருகிக் கொண்டிருந்தாள்.

பாடசாலை விட்டதும் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் போனேன்.

"எப்பிடி இருந்தது?"

"வடிவா இருந்தது."

"அவ்வளவுதானோ?"

அவள் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"அவ விதவை இல்லை. அப்பா இருக்கிறார். அண்டைக்குக் காலைமை இடியப்பம் சாப்பிட்டவ. நான்தான் அவிச்சுக் குடுத்தனான். வெயில்ல கன நேரம் நிண்டா அவவுக்குத் தலையிடி வரும். அதுதான் இருந்தவ."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சுட்டன.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. "எனக்கு எப்பிடித் தெரியும்? நீ அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்று அவளிலேயே பிழை பிடித்தேன்.

"எழும்பி நிண்டு என்னெண்டு சொல்லுறது? அது என்ர அம்மா எண்டோ?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அழிச்சுப்போடு. மூண்டையும்" என்றாள்.

"ஓம், அழிக்கிறன்" என்றேன்.

நான் அழிக்கவில்லை. அன்றிரவு அழிக்கத்தான் கமராவை எடுத்தேன். ஆனால் அந்தப் படம் அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த நாள் ரீச்சர் என்னை அழைத்து, மாணவர் சித்திரக் கண்காட்சிக்கு அதைக் கொடுக்கப் போவதாகவும், அதற்கு ஒரு தலைப்பு எழுதித் தரும்படியும் சொன்னார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேறு படம் தருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு தாளைக் கிழித்து, "காத்திருக்கும் விதவைத் தாய்" என்று எழுதிக் கொடுத்தேன். தலைப்பை மாற்றினால் ரீச்சர் ஏன் என்று கேட்பாரே என்று என்னையே சமாதானப்படுத்திக் கொண்டேன். கடற்கரைச் சனம் கண்காட்சிக்கெல்லாம் வருமா என்றும் நினைத்தேன். அந்த நினைப்புக்காகத்தான் இன்றைக்கு அதிகம் வெட்கப்படுகிறேன்.

"அழிச்சியோ?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை, யாரும் கேட்காமலேயே அவள் எழுந்து முன்னால் போனாள். கொப்பியைத் திறந்து மேசையில் வைத்தாள். நான் முகங்களை எதிர்பார்த்து எட்டிப் பார்த்தேன். மீன்கள். பேனையால் வரைந்த மீன்கள் மட்டும். பாரை, விளமீன், சூடை, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக. எது புதுமீன், எது நேற்றைய மீன் என்று கண்ணைப் பார்த்துச் சொல்லும்படி வரைந்திருந்தாள்.

"மனிசரை வரையிறேல்லையோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"வரையிறனான் ரீச்சர். அது வீட்டில இருக்கட்டும்."

என் பக்கம் அவள் திரும்பவில்லை.

கண்காட்சி நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. என் படத்தைப் பெரிதாக்கி, வாசலால் நுழைந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டியிருந்தார்கள். கீழே என் தலைப்பு, கணினி எழுத்தில். அவளுடைய மீன்களும் தெரிவாகியிருந்தன. அவை உள்ளே, மின்விசிறிக்குப் பக்கத்தில் இருந்தன. மகளின் மீன்களைப் பார்க்கத் தாயும் தகப்பனும் வருவார்கள் என்பது மட்டும் என் புத்தியில் ஏறியிருக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். தாய் நாவல் நிறச் சேலை உடுத்து, தலையில் பூ வைத்திருந்தார். கணவர் வெள்ளைச் சட்டை போட்டு, மனைவியின் கைப்பையைத் தன் கையில் வைத்திருந்தார். மகள் அவர்களுக்கு நடுவில் வந்தாள். வாசலைத் தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள். படத்தைப் பார்த்தாள். பிறகு, கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். பெற்றோரை வேறு பக்கம் திருப்ப முயன்றாள். ஆனால் தாய் கண்டுவிட்டார்.

தகப்பன் கிட்டப் போய்த் தலைப்பை எழுத்தெழுத்தாக வாசித்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"இஞ்ச பாரும், நான் செத்துப்போனன் எண்டு போட்டுக் கிடக்கு."

சிரிப்பாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்காததால் அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

"ஆர் மகள் இது எடுத்தது?" என்று தாய் கேட்டார்.

"தெரியாதம்மா" என்றாள் அவள்.

என்னைக் காட்டிக் கொடுக்க ஒரு விரலை நீட்டினால் போதும். அவள் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் முன்னால் போகவில்லை. அப்போதுதான் ரீச்சர் பின்னாலிருந்து சந்தோசமாக வந்து என் தோளில் கை வைத்து, "இவதான் எடுத்தவ! எங்கட கெட்டிக்காரி" என்று அவர்களிடம் தள்ளி விட்டார்.

தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அடையாளம் கண்டுகொள்கிற முகம்.

"இது மகளுக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளையெல்லோ? பள்ளிக்கூட வாசல்ல கண்டிருக்கிறன். உங்களைப் பற்றித்தான் வீட்டில எந்நேரமும் கதை. மீன் பொரியல் விருப்பமாமே உங்களுக்கு."

"ஓம் அன்ரி" என்றேன்.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். அவரை அறியாமலே கை கொண்டையைத் தடவிப் பார்த்தது.

"ஒரு சொல்லுக் கேட்டிருந்தா முகத்தைக் கழுவிப்போட்டு வந்திருப்பனே பிள்ளை."

"வகுப்புக்கு எடுத்தது அன்ரி" என்றேன். ஏதோ அது ஒரு காரணம் போல.

ரீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் முகம் வெளிறிவிட்டது. போய்த் தலைப்பை உரித்தெடுத்துக் கசக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். படத்தையும் இறக்கப் போனார். "இருக்கட்டும் ரீச்சர், பிள்ளை கஷ்டப்பட்டு எடுத்தது" என்று தாய் தடுத்தார். தலைப்பு இல்லாமல் படம் அங்கேயே இருந்தது.

பின்னேரம் சான்றிதழ் கொடுத்தார்கள். மேடைக்கு என்னைக் கூப்பிட்டபோது போகாமல் இருந்திருக்கலாம். போனேன். கையை நீட்டி வாங்கினேன். திரும்பும்போது மூன்றாவது வரிசையில் அவளுடைய தாய் கை தட்டுவதைக் கண்டேன், மகளுக்குத் தட்டியது போலவே. பக்கத்தில் அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி இருந்தாள்.

ரீச்சர் என்னை ஏசவில்லை. திங்கட்கிழமை, "பிழை என்னிலயும்தான், நான் விசாரிச்சிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சோதனை முடியும்வரை அவள் அதே வாங்கில் என் பக்கத்திலேயே இருந்தாள். இடம் மாறியிருந்தால் எல்லோரும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். அதற்காகவும் அவள் மாறவில்லை என்று நினைக்கிறேன். அடிமட்டம், அழிறப்பர், நேரம் என்ன, இவ்வளவுதான் கதை. சாப்பாட்டு நேரத்தில் புல்மோட்டைக்காரியோடு போய் இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். தேட வேண்டியே இருக்கவில்லை. நான் படம் எடுத்த இடத்திலிருந்து நான்காவது வீடு. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்ததும், "அன்ரி, இந்த முறை நல்ல வடிவா ஒரு படம் எடுத்துத் தரட்டோ? குடும்பமா?" என்றுதான் வந்தது. கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். அது கழுத்தில் கிடப்பதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

"இப்ப வேண்டாம் பிள்ளை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

குடித்தேன். அவள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. தாய் மட்டும் சோதனை பற்றியும் வெயில் பற்றியும் கதைத்தார். நான் கோப்பையை வைத்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலேயே எழும்பினேன். கமராவைச் சில நாட்களில் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அது தண்டனை என்று அப்போது நினைத்தேன். யாருக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை.

போன வருடம் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். மட்டக்களப்பில் சித்திர ஆசிரியையாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாய்வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தாள்.

"எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

பதினேழு வயதில் என்னை 'நீ' என்று கூப்பிட்டவள். அந்த 'நீங்கள்' என்னை ஒரு அடி பின்னால் தள்ளியது. ஆனாலும் இந்த முறை சொல்லிவிட்டேன்.

"அழிச்சிட்டன் எண்டு பொய் சொன்னனான். அண்டைக்கு மண்டபத்தில நான் முன்னுக்கு வந்திருக்கவும் வேணும். எல்லாத்துக்கும் மன்னிச்சுக்கொள்."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"பொய் எண்டு எனக்கு அப்பவே தெரியும். ஓம் எண்டு சொல்லேக்க நீங்கள் என்னைப் பாக்கேல்லை" என்றாள். "அம்மா எப்பவோ மறந்திட்டா. இப்பவும் உங்களைக் கேப்பா, அந்த மீன் பொரியல் பிள்ளை எங்க எண்டு. நான்தான் மறக்கேல்லை. மறக்க ஏலாமல் கிடக்கு."

"ஓம்" என்றேன்.

அவளுடைய பஸ் வந்தது. பையை ஏற்றிக் கொடுக்கக் கை நீட்டினேன். "பரவாயில்லை, பாரமில்லை" என்று தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். யன்னலோரத்தில் இடம் கிடைத்தது. பஸ் வெளிக்கிடும்வரை நான் அங்கேயே நின்றேன். அவள் ஒருமுறை பார்த்துத் தலையை ஆட்டினாள். மன்னித்ததாக அதை எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.