ஐந்து லிட்டர் ஆசிட், எழுநூறு கிராம் மார்பிள்

எங்கள் அடையாறு குடியிருப்பின் அசோசியேஷன் செயலாளர் தன்னை ஒரு விஞ்ஞானி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். எங்கோ பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் ஏன் நிற்கிறது, போர் தண்ணீர் ஏன் மஞ்சளாக வருகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும். எல்லாம் தப்பாக இருக்கும். யாரும் மறுத்துப் பேசியதில்லை, நான் உட்பட. நானோ மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் இருபத்தைந்து வருடமாகப் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுப்பவன்.

கீழ்த்தளத்தில் புதிதாக வெள்ளை மார்பிள் போட்டிருந்தோம். கொத்தனார்கள் சிந்திய சிமென்ட் அங்கங்கே திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, சிறப்பு வகுப்புக்குக் கிளம்பி நான் படியிறங்கியபோது செயலாளர் கையில் காபி டம்ளரோடு அங்கே நின்றிருந்தார். கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மா, கழிவறை கழுவும் ஆசிட் கேனைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஐந்து லிட்டர் கேன். தரை நுரைத்துப் பொங்கியது.

"இன்னா சார் இப்டி பொங்குது? கல்லு தாங்குமா?"

"பொங்கறது அழுக்கும்மா. கேன் முழுக்க ஊத்து. கண்ணாடி மாதிரி ஆயிடும் பாரு."

பொங்குவது அழுக்கல்ல, மார்பிள். வருடாவருடம் நான் கரும்பலகையில் எழுதிப்போடும் சமன்பாடு அது. நின்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த ஆளோடு காலங்காத்தாலே வாயைக் கொடுக்கப் பிடிக்கவில்லை. "குட் மார்னிங் சார்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மதியம் திரும்பி வந்தபோது தரையில் பளபளப்பு போய், வெறுங்காலில் நடந்தால் உப்புத்தாளில் நடப்பதுபோல் இருந்தது.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு அவசரக் கூட்டம். இருபது பேர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் பொறியாளர்கள், ஒருவர் டாக்டர், ஒருவர் ஆடிட்டர். அந்த அம்மாவுக்கு நாற்காலி இல்லை, தூணோரமாக நின்றார்.

செயலாளர் ஆரம்பித்தார். "அரை டம்ளர் ஆசிட் விடச் சொன்னேன். அவ இரும்பு பிரஷ்ஷைப் போட்டுத் தேச்சிருக்கா. கேன் முழுக்கக் கொட்டினாலும் ஆசிட் ஒரு ஸ்பூன் மார்பிளைத்தான் கரைக்கும். அது பேசிக் சயின்ஸ். இவளை நிறுத்திட்டு வேற ஆளைப் பாக்கலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பேசிக் சயின்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் வாத்தியார் எழுந்துகொண்டான். நேற்றுக் காலை கண்ணால் பார்த்ததைச் சொல்ல எழவில்லை, கணக்குப் போட எழுந்தான். கூட்ட அறிவிப்புத் தாளைத் திருப்பி அதன் முதுகில் எழுத ஆரம்பித்தேன்.

"கேன்ல பத்து சதவீதம்னு போட்டிருக்கு. அஞ்சு லிட்டர்ல சுமார் ஐந்நூறு கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு மோல் முப்பத்தாறரை கிராம். ஆக, பதினாலு மோலுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு மோல் மார்பிளைக் கரைக்க ரெண்டு மோல் அமிலம் வேணும். அப்போ ஏழு மோல் மார்பிள் போகும். மார்பிள் ஒரு மோல் நூறு கிராம். கிட்டத்தட்ட எழுநூறு கிராம் போயிருக்கு சார். ஒரு ஸ்பூன் இல்ல."

மூன்றாம் மாடிப் பொறியாளர் சிரித்தார். "மோல்னா என்ன சார்? ஆறு பாயின்ட் சம்திங்னு ஏதோ வருமே? நான் கெமிஸ்ட்ரில சென்டம். சுத்தமா மறந்துபோச்சு."

தானும் நூற்றுக்கு நூறு என்றார் டாக்டர். அந்த இடத்தில் சென்டம் வாங்கியவர்கள் ஆறேழு பேராவது இருந்தார்கள். பளிங்கில் ஆசிட்டை ஊற்றினால் என்ன ஆகும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படிப்பட்ட சென்டங்களை உற்பத்தி செய்யத்தான் நான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். புரியாத தாளைப் பார்க்கும் முகம். அடுத்த நொடி அது மலர்ந்தது.

"அப்படிப் போடுங்க! அவ கேன் முழுக்கக் கொட்டியிருக்கான்னு சாரே நிரூபிச்சுட்டார். நான் சொன்னது அரை டம்ளர். இதுக்கு மேல என்ன வேணும்?"

எவ்வளவு கரைந்தது என்று கணக்கு சொல்லும். யார் ஊற்றச் சொன்னது என்று சொல்லாது. தூணோரமிருந்து அந்த அம்மாதான் பேசினார்.

"நான்தான் ஊத்துனேன். இல்லேன்னு சொல்லல. ஊத்து ஊத்துன்னு காபி குச்சிகினே நின்னது இவுரு. இந்த வாத்தியாரும் பாத்துகினுதான் போனாரு. கேளுங்க அவர."

இருபது முகங்களும் என் பக்கம் திரும்பின. "ஆமாம், சார்தான் முழுக்க ஊத்தச் சொன்னார். என் காதால கேட்டேன்" என்றேன்.

செயலாளர் அசரவில்லை. "கேட்டீங்களா? கெமிஸ்ட்ரி வாத்தியாராச்சே, அப்பவே ஏன் சார் நிறுத்தல?"

எனக்குத் தெரிந்து அந்த மனிதர் கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான். உட்கார்ந்துவிட்டேன்.

'ஆசிட் தரமற்றதாக இருந்ததால் தரை பழுதடைந்தது' என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். உண்மையில் அந்த ஆசிட் மிகத் தரமானது. லேபிளில் போட்டபடியே வேலை செய்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவரிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மெஷினோடு பாலிஷ் போடுபவர் வந்தார். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தவர், பக்கத்தில் நின்ற செயலாளரையே கேட்டார்: "எவன் சார் இதுல ஆசிட்ட ஊத்துனான்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!" செயலாளர் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். படியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை, ஆனால் தோள் குலுங்கியது.

மாதக் கடைசியில் அந்த அம்மா வேலையை விட்டார். ஆற்றோரத்தில் இருந்த வீடுகளை அரசாங்கம் காலிசெய்து அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பியதிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தவர். அந்த பஸ் வழியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை கிடைத்திருந்தது. கடைசி நாளன்று வாசல் கேட் அருகில் அவரை நிறுத்தி, "அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்மா, தப்பு என்மேலதான்" என்றேன்.

"அத்த வுடு சார்" என்றார். "ஆனா ஒண்ணு. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருந்தா போதும். இன்னாத்துக்கு அம்மாம் பெரிய கணக்கு?"

பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.