மல்லசமுத்திரத்தில் ஆறடிக் கடல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாச்சிமுத்து, போர்வெல் லாரியில் பைப் மாட்டும் ஆளாக ஏறி, இன்றைக்குக் குழாய்க் கிணறு தோண்டும் மூன்று ரிக் வண்டிக்கு முதலாளி. யாரும் கைதூக்கி விடவில்லை. மங்களூர்ப் பக்கம் போர் போடப் போன ஒரு வீட்டில், கண்ணாடித் தொட்டிக்குள் கடல் பவளம் உயிரோடு அசைவதைப் பார்த்தவர், ஊருக்கு வந்ததும் தானும் ஒன்று வைத்தார். கடல் எங்கே, மல்லசமுத்திரம் எங்கே! நாலு எழுத்துப் படித்தவர்கள் ஆசைப்பட்டு வைத்த உப்புத் தண்ணீர்த் தொட்டியெல்லாம் ஆறே மாதத்தில் நாறிப்போயின. இவர் வைத்தது நாறவில்லை. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் அளவுக்கு மீறி இருக்கும் சுண்ணாம்பு ஆகாது என்று வடிகட்டி, உப்பைப் பதமாகக் கலந்து, சூடு ஏறாமல் பார்த்து, விரல் கனத்தில் வாங்கி வந்த பச்சைப் பவளத்தைச் சோற்றுத் தட்டு அகலத்துக்கு வளர்த்தார்.

மூன்றடித் தொட்டி அதற்குப் பற்றவில்லை. பக்கத்தில் வைத்திருந்த மற்ற பவளங்களை உரசிக் கருக்க ஆரம்பித்தது. ஆறடியில் புதுத் தொட்டி செய்யச் சொன்னார். அதைத் தாங்கும் ஸ்டாண்டைக் கடையிலா வாங்குவார்? ரிக்கின் பழைய பைப்பை அறுத்து அவரே வெல்டு வைத்தார். யானை ஏறி நின்றாலும் ஆடாது.

இதெல்லாம் பொறுக்காத ஆள் ஒருவர் உண்டு. மனைவி முத்தாயம்மாளின் அண்ணன் கைலாசம். புதுச்சத்திரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். "குழி தோண்டறவனுக்கா என்ற தங்கச்சி?" என்று கல்யாணப் பந்தலிலேயே கேட்ட வாய். அதே வாய்தான் பிற்பாடு, பண்ணையில் தண்ணீர் இல்லாமல், ரிக்கை அனுப்பச் சொல்லிக் கெஞ்சியது. அதை நாச்சிமுத்து மறக்கவும் இல்லை, மறக்க விடவும் இல்லை.

புதுத் தொட்டிக்கு மாற்றியதும் பவளம் சுருங்கிக்கொண்டது. ஒரு வாரம் போயும் விரியவில்லை. விரியுமா, அழுகிப் போகுமா? நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கைலாசம் வேட்டி மடிப்புக் கலையாமல் காரில் வந்து இறங்கினார். கையில் பூ, பழம், மஞ்சள் வைத்த தட்டு. தங்கச்சி வீட்டில் புதுத் தண்ணீர் நிறைந்தால் அண்ணன் சீர் கொண்டுவர வேண்டாமா?

"ஏனுங் மாப்ள, இதுக்குத்தானா இத்தன ஆர்ப்பாட்டம்? பூவாட்டம் இருக்கும்னாங்க, கல்லாட்டமல்லோ கெடக்குது?"

"எடம் மாத்துனா அப்பிடித்தானுங் மச்சான். நீங்களே புது ஊட்டுக்குப் போனப்ப ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க."

"கோழின்னா முட்டை போடும். இது என்னத்தப் போடும்?"

"முட்டை போட்டா நீங்க இந்நேரம் கூண்டு கொண்டாந்திருப்பீங்களே!"

முத்தாயம்மாள் இலை போடப் போனாள். கைப்பேசி அடிக்கவே நாச்சிமுத்து வாசலுக்குப் போனார். திரும்பி வரும்போது தண்ணீரில் ஏதோ விழும் சத்தம். கைலாசத்தின் கை தொட்டிக்கு மேலே இருந்தது. மணலில் மூன்று செம்புக் காசுகள் கிடந்தன.

புதுப் போரில் தண்ணீர் பீறிட்டதும் செம்புக் காசு போட்டுக் கும்பிடுவது வழக்கம். நாச்சிமுத்துவே எத்தனையோ குழிகளில் போட்டவர்தான். ஆனால் உப்புத் தண்ணீரில் செம்பு கரைந்தால் நத்தை, இறால், பவளம் எல்லாவற்றுக்கும் விஷம். சட்டைக் கையை மடிக்கக்கூட நிற்காமல் தோள்வரை கையை விட்டு மூன்றையும் எடுத்தார். சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் கைலாசத்தின் சட்டைப் பையில் போட்டார்.

"சீர்க் காசத் திருப்பியா தர்ற? என்ற காட்டுல போட்டப்ப அது சாமி காசு, உன்ற ஊட்டுல போட்டா விஷமா?"

"உங்க காட்டுல இருந்தது வெறுங்குழி. இங்க உசுரு இருக்குது."

"எங்கய்யா இருக்குது? செத்த பொணத்துக்கு ஆறடியில பொட்டி செஞ்சு வெச்சிருக்கற!"

"கெளம்புங்க மச்சான்."

"பாத்தியா கண்ணு? உன்ற புருசன் அண்ணன வெறும் வயித்தோட தொரத்தறான்," என்று கைலாசம், இலை போட்டுவிட்டு வந்து நின்ற தங்கச்சியைப் பார்த்தார்.

முத்தாயம்மாள் அண்ணனைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"பொணம்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சுங்ண்ணா. தெனமும் அதுக்குத் தீனி வெக்கறவ நானு."

சோறு வைக்காத இலையை அவளே மடித்தாள். கைலாசத்தின் கார் கிளம்பிய வேகத்தில் வாசல் கோலம் அழிந்தது.

அன்றே நாச்சிமுத்து பாதித் தண்ணீரை மாற்றினார். மிச்சச் செம்பை உறிஞ்ச, வடிகட்டியில் புதுக் கரியைப் போட்டார். தொட்டியை விட்டு நகரவில்லை. இரண்டு நாள் கழித்து, வெயில் ஏறும் நேரத்தில், பவளம் ஒவ்வொரு விரலாக நீட்டியது. மதியத்துக்குள் பழைய தொட்டியில் ஒருநாளும் விரியாத அகலத்துக்கு விரிந்து, பச்சைப் பயிர்போல ஆடியது. அதை அப்படியே வீடியோ எடுத்துக் கைலாசத்துக்கு அனுப்பினார். ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. பார்த்துவிட்டதாக நீலக்கோடு விழுந்தது.

மறுநாள் தொட்டிக்கு வலையில் ஒரு மூடி செய்து பூட்டும் போட்டார்.

"எங்கண்ணன்தான் இனி இந்தப் படி ஏற மாட்டாரே, பூட்டு எதுக்குங்க?" என்றாள் முத்தாயம்மாள்.

"ஏறுவாரு. அவரு பண்ணைப் போர்ல தண்ணி கீழ போயிருச்சாமா," என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் நாச்சிமுத்து.